பேரனுக்கு ‘துர்சின்’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் கசாக்கிஸ்தானில் இருக்கிற அல்மாட்டிக்கு மருத்துவம் படிக்கப் போனாள். கூடப் படித்த கசாக் பையனையே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வேலை பார்க்கிறாள். முதல் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. இப்போது ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். மாமியார் ‘துர்சின்’ என்று பெயர் வைக்கச் சொல்கிறாராம். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா பெயர் அது, அவர் 1933-ல் பிறந்தவர் என்கிறார்கள். துர்மரணம், துர்சகுனம் என்றுதானே நமக்குக் கேட்டுப் பழக்கம்? எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பதறுகிறது. போனில் தேடினால் ‘நில்’, ‘நிற்கட்டும்’ என்று அர்த்தம் வருகிறது. எது நிற்கட்டும்? பிள்ளை பெறுவதா? மகள் இது பற்றி வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். இந்தப் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லலாமா?

– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் பேரன் பிறந்ததற்கு என் வாழ்த்து. அந்த முதல் குழந்தைக்காக உங்களோடு நானும் வருந்துகிறேன். துருக்கிய மொழிகளைப் படிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். அதனால் பெயரைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். துர்சின் அபசகுனமான பெயர் இல்லை. உங்கள் சம்பந்தியம்மா கையில் இருக்கிற பெயர்களிலேயே ஆழமான வேண்டுதல் அதுதான்.

‘துர்’ என்ற பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். துர்மரணத்தில் வருவது சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த முன்னொட்டு. கெட்டது என்று பொருள். கசாக் மொழி துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ‘துர்’ ஒரு வினைச்சொல். நிற்பது, எழுவது, இருப்பது, குடியிருப்பது எல்லாம் அந்த ஒரு வினையில் அடங்கும். எட்டாம் நூற்றாண்டில் மங்கோலியப் புல்வெளியில் கல்லில் வெட்டிய பழந்துருக்கியக் கல்வெட்டுகள் காலத்திலிருந்து புழங்கிவரும் சொல் அது. இரண்டுக்கும் உறவே கிடையாது. ஓசையும் வேறுதான். துர்மரணத்தில் முதலெழுத்தை நாம் மென்மையாக உச்சரிக்கிறோம். கசாக் துர், ‘துணி’யில் வருகிற அழுத்தமான து. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் எழுதிப் பார்க்கும்போது ஒன்றாகத் தெரிகிறது.

அந்த வீட்டில் இந்தச் சொல் எப்படிப் புழங்கும் என்று சொல்கிறேன். காலையில் பிள்ளையை எழுப்புகிறவர்கள் ‘துர், பாலாம்’ என்பார்கள். எழுந்திரு, என் பிள்ளையே என்று அர்த்தம். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்கவும் இதே வினைதான். குழந்தை எதையும் பிடிக்காமல் முதல்முறை தள்ளாடி நிற்கும்போது ‘கஸ் துர்தி’ என்று வீடே கூவும். கொஞ்ச நாளில் பையன் நடை பழகுவான். அப்போது கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் கால்களைத் தளர்வாகக் கட்டி, சுறுசுறுப்பான ஒருவரைக் கொண்டு அதை அறுக்கச் சொல்வார்கள். ‘துசாவ் கெசு’ என்று அந்தச் சடங்குக்குப் பெயர். உங்கள் மகள் கட்டாயம் வீடியோ அனுப்புவாள்.

இனி ‘சின்’. நாம் ‘வரட்டும்’, ‘இருக்கட்டும்’ என்கிறோமே, அந்த ‘அட்டும்’தான் கசாக்கில் ‘சின்’. ஆக, துர்சின் என்றால் ‘நிற்கட்டும்’ என்று போன் காட்டியது அகராதிப்படி சரி. ஆனால் பிள்ளைக்கு வைக்கும்போது அதன் பொருளைச் சொல்ல நம் வீடுகளிலேயே நல்ல சொல் இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டைப் பற்றி ‘அவங்களுக்குப் பிள்ளை தங்கறதே இல்லை’ என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கசாக்கில் அதே பேச்சு, இந்த வினையை வைத்தே இருக்கிறது. பிள்ளை ‘துர்மாகான்’ என்பார்கள். தங்கவில்லை என்று அர்த்தம். அதற்கு எதிர்ச்சொல்லாக வைத்த பெயர்தான் துர்சின். தங்கட்டும். இந்தப் பிள்ளை எங்களோடு தங்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைக்குழந்தை இறந்தால் ‘செத்துப்போச்சு’ என்கிற சொல்லைக் கசாக்கர் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘ஷெத்தினெதி’ என்பார்கள். ‘ஷெத்’ என்றால் ஓரம், விளிம்பு. ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டது என்பது போல. நீங்களும் உங்கள் கடிதத்தில் ‘போய்விட்டது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே துக்கம், அதைச் சொல்ல ஒரே கூச்சம். அந்தத் துக்கத்துக்குள்ளிருந்துதான் உங்கள் சம்பந்தியம்மா இந்தப் பெயரை எடுத்திருக்கிறார்.

பிள்ளை பெறுவது நிற்கட்டும் என்றா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வகைப் பெயர்கள் அங்கே உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் தலையில் விழுந்தவை. உல்போல்சின் என்றால் ‘மகன் பிறக்கட்டும்’. உல்துகான் என்றால் ‘மகன் பிறந்தான்’. அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று, பிறந்து கிடக்கிற பெண்ணின் மேல் எழுதிவைத்த ஆசை. நம் ஊர் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ நினைவுக்கு வருகிறதா? அந்தப் பெயர்களை நான் மனதார வெறுக்கிறேன், எந்த மொழியில் இருந்தாலும். துர்சின் அந்தக் கூட்டத்தில் சேராது. அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பெண்ணுக்குத் துர்சினாய் என்று நீட்டுவார்கள்.

இந்தப் பெயருக்கு உறவுக்காரப் பெயர்கள் நிறைய. துர்சின்பெக், துர்சின்ஹான், துர்சின்பாய், துர்சினாலி எல்லாம் இதன் கிளைகள். துரார் என்றால் ‘தங்குவான்’. சோவியத் காலத் தொடக்கத்தில் பெரிய பதவிகளில் இருந்து, 1938-ல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்ட துரார் ரிஸ்குலோவின் பெயரை அல்மாட்டியில் உங்கள் மகள் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பாள். தொக்தார், தொக்தாசின் ஆகியவற்றில் வருவது ‘தொக்தா’ என்ற வேறு வினை. நிற்பது, ஓய்வது என்று பொருள். பிள்ளை நிலைத்து நிற்கட்டும், சாவு இத்தோடு ஓயட்டும் என்று இரண்டும் அதில் சேர்ந்து ஒலிக்கும். 1991 அக்டோபர் 2 அன்று பைக்கனூரிலிருந்து சோயூஸ் டி.எம்-13 கலத்தில் மீர் விண்வெளி நிலையத்துக்குப் போன தொக்தார் அவ்பாகிரோவ்தான் கசாக் மக்கள் தங்களுடைய முதல் விண்வெளி வீரராகக் கொண்டாடும் மனிதர். 1382-ல் மாஸ்கோவைச் சூறையாடிய தங்க நாடோடிக் கூட்டரசின் கான் தொக்தாமிஷ் பெயரிலும் இதே வினை இருக்கிறது. உஸ்பெக்கியரிடமும், சீனாவின் வடமேற்கில் வாழ்கிற உய்குர்களிடமும் துர்சுன். துருக்கி நாட்டில் முதலெழுத்து மெலிந்து அதே பெயர். கிழக்கே உய்குர் நாட்டிலிருந்து மேற்கே துருக்கியின் அனத்தோலியா வரை பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

கசாக்கர் நடுவில் பிள்ளையைக் காக்க வேறு வழிகளும் உண்டு. பிரசவ வீட்டைச் சுற்றிவரும் அல்பாஸ்தி என்ற பேயும், ‘தில்-கோஸ்’ என்று அவர்கள் சொல்கிற நாவூறும் கண்ணூறும் அழகான பிள்ளையைத்தான் குறிவைக்கும் என்பது நம்பிக்கை. கசாக்கில் ‘தில்’ என்றால் நாக்கு, ‘கோஸ்’ என்றால் கண். நம் ஊர்ச் சொல்லை அப்படியே கேட்பது போல இல்லையா? அதனால் குழந்தையின் குல்லாவிலும் தொட்டிலிலும் ஆந்தை இறகு குத்திவைப்பார்கள். தங்காத பிள்ளைகளின் வீட்டில் பெயரையே அசிங்கமாக வைப்பார்கள். குஷிக்பாய் என்று ஒரு பெயர், ‘குஷிக்’ நாய்க்குட்டி. தெசெக் என்று ஒரு பெயர். அது வறட்டி. அடுப்பெரிக்கிற அதே வறட்டிதான். இது ஏழை எளியவர்கள் மட்டும் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கசாக்கிஸ்தானின் தென்கிழக்கே ஜெத்திசு பகுதியை ஆண்ட சுல்தான் ஒருவருக்கே தெசெக் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கசாக் மன்னர் அப்லாய் கானின் வம்சம், செங்கிஸ்கான் வழி. புகழ்பெற்ற கசாக் அறிஞர் ஷொகான் வலிஹானோவ் அந்த வீட்டில்தான் பெண் எடுத்தார். அங்கேயே 1865-ல் காலமானார்.

பிள்ளையை அண்டை வீட்டுக்கு விற்பது போல விற்று, திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்படி வாங்கிய பிள்ளை சாத்திபால்தி, ‘விலைக்கு வாங்கினான்’. பக்கத்துக் கிர்கிஸ் நாட்டின் 100 சோம் நோட்டில் ஒரு கவிஞர் படம் இருக்கும். தொக்தோகுல் சாத்தில்கானோவ், 1864 முதல் 1933 வரை வாழ்ந்தவர். அவர் பெயரில் ‘தொக்தா’ இருக்கிறது. அவர் அப்பா பெயரில் ‘விற்கப்பட்டவன்’ இருக்கிறது. அப்பன், மகன் இருவருக்குமே காப்புப் பெயர். நம் பக்கம் தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளைகளையும், குப்பையில் கிடத்தி எடுத்த குப்புசாமிகளையும், மூக்குக் குத்திய மூக்கன்களையும், பிச்சை கேட்டு வாங்கிய பிச்சைகளையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவற்றுக்குள் துர்சினை நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வறட்டி, நாய்க்குட்டி, விற்ற பிள்ளை எல்லாம் சாவை ஏமாற்றப் பார்க்கிற பெயர்கள். இவன் ஒன்றுக்கும் உதவாதவன், இவன் எங்கள் பிள்ளையே இல்லை என்று பொய் சொல்கின்றன. துர்சின் பொய் சொல்லவில்லை. இவன் எங்கள் பிள்ளை, எங்களுக்கு வேண்டும், தங்கட்டும் என்று நேராகக் கேட்கிறது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திவைத்தது கொள்ளுத்தாத்தா பிறந்த வருடம். கசாக் வீட்டில் 1933 என்றால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. சோவியத் அரசு மேய்ச்சல் மக்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தியது. கூட்டுப்பண்ணைக்கென்று ஆடுமாடு, குதிரை, ஒட்டகங்களைப் பிடுங்கியது. இறைச்சிக்கும் தானியத்துக்கும் அளவு நிர்ணயித்து வசூல் செய்தது. மந்தை போனால் புல்வெளியில் வேறு சோறு கிடையாது. 1930 முதல் 1933 வரையிலான பஞ்சத்தில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கசாக்கர். அந்த இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிந்தது. லட்சக்கணக்கானோர் சீனாவுக்கும் அக்கம்பக்கத்துக் குடியரசுகளுக்கும் நடந்தே தப்பி ஓடினார்கள். ‘அஷார்ஷிலிக்’ என்று அதற்குப் பெயர். சோவியத் காலத்தின் பெரும்பகுதியில் வெளியே பேச முடியாத விஷயமாக அது இருந்தது. இப்போது ஆண்டுதோறும் மே 31 அன்று அரசே நினைவுநாள் அனுசரிக்கிறது.

அந்த வருடத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு ‘தங்கட்டும்’ என்று பெயர். அவர் தங்கினார். தங்கியதால்தான் உங்கள் மாப்பிள்ளை இருக்கிறார், இப்போது உங்கள் பேரன் இருக்கிறான். உங்கள் சம்பந்தியம்மா கண்ணில் இந்தப் பெயர் ஒருமுறை பலித்த பெயர். இறந்த குழந்தையை நினைவூட்டவா இதை வைக்கிறார்கள் என்று நீங்கள் அஞ்சியிருந்தால், அவர் நினைப்பது பிழைத்து வந்த அந்தப் பெரியவரைத்தான் என்று நான் நம்புகிறேன். அந்தப் பெரியவரின் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று ஒருநாள் சம்பந்தியம்மாவிடமே கேளுங்கள். இது போனில் அவசரமாகக் கேட்கிற கேள்வி இல்லை, நேரில் போகும்போது கேளுங்கள்.

பெயர் வைக்கிற உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கசாக் குடும்பத்தில் பேரப்பிள்ளைக்குப் பெயர் சொல்வது தாத்தா பாட்டிக்கு உரிய மரியாதை. தலைப்பேரனைப் பாட்டியே தன் பிள்ளையாக வளர்க்கிற வழக்கமும் உண்டு. அவர்களுடைய மகாகவி அபாய் 1845-ல் பிறந்தபோது வைத்த பெயர் இப்ராஹிம். பாட்டி ஸெரே கூப்பிட்ட ‘அபாய்’தான் நிலைத்தது. பெயர் முடிவானதும் ஊர்ப் பெரியவரோ முல்லாவோ குழந்தையின் காதில் தொழுகை அழைப்பை ஓதி, உன் பெயர் இன்னது என்று மூன்று முறை சொல்வார். இதற்குள் அது நடந்து முடிந்திருக்கிறதா என்பதை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காதில் ஓதிய பின் பெயரை மாற்றச் சொல்வது பெரிய சங்கடம்.

ஆனாலும் அம்மா, பாட்டிகள் இருவரையும் விட இதில் பெரியவள் உங்கள் மகள். ஒரு நாளைக்கு நூறு முறை அந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறவள் அவள். மருத்துவமனையில் நின்று ஒரு பிள்ளையை ஒப்புக்கொடுத்தவளும் அவள்தான். அவள் வாய் திறக்காதது பெயர் பிடிக்காததாலா, அல்லது அந்தப் பன்னிரண்டு நாள் கண்முன் வருவதாலா என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களால்தான் சொல்ல முடியும். ‘பெயர் வேண்டாம்’ என்று நீங்கள் சம்பந்தியிடம் பேசாதீர்கள். அதிலும் துர்சகுனம் என்ற காரணத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். ‘தங்கட்டும்’ என்று அவர் வேண்டுவதைக் கெட்டது என்று சொன்னதாக அவர் காதில் விழும். அந்தக் காயம் ஆறாது. மகளிடம் பேசுங்கள். பெயரின் பொருளை, நான் எழுதியிருக்கிறபடி ‘தங்கட்டும்’ என்றே சொல்லுங்கள். அகராதிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவளும் உங்களைப் போலவே தவித்துக்கொண்டிருக்கலாம்.

அதன் பிறகும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், சம்பந்தி வீட்டின் ஆசையையும் காப்பாற்றி வேறு பெயருக்குப் போக வழி இருக்கிறது. அமான்கெல்தி என்றால் ‘நலமாக வந்து சேர்ந்தான்’. ரஷ்யப் பேரரசை எதிர்த்த 1916 கிளர்ச்சியின் தலைவர் அமான்கெல்தி இமானோவ் பெயர் அது. ஓமிர்ஸாக் என்றால் நீண்ட ஆயுள். இரண்டுமே அதே வேண்டுதலைச் சொல்கிற பெயர்கள், அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். துர்சின் அங்கே இப்போது சற்றுப் பழைய பெயர் என்பதும் உண்மை. இந்தத் தலைமுறைப் பையன்களுக்கு அலிஹான், அய்சுல்தான் போன்ற பெயர்கள்தான் அதிகம் விழுகின்றன. இவனுக்குத் தாத்தா பெயர் என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொல்லலாம். அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

வைப்பது என்று முடிவானால், பத்திரத்தில் எழுதும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டாவது உயிரெழுத்து ‘இ’யும் இல்லை, ‘உ’வும் இல்லை. ‘காடு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. உங்களுக்கு அது கசாக்கரல்லாத பலரை விடச் சுலபமாக வரும். கசாக்கிஸ்தான் இன்னும் சிரிலிக் எழுத்தில்தான் பிறப்புச் சான்றிதழ் தருகிறது. லத்தீன் எழுத்துக்கு மாறும் திட்டம் 2017-ல் அறிவிக்கப்பட்டு, எழுத்து வரிசையே சில முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துகளில் எப்படி வருகிறதோ அதே எழுத்துக்கூட்டை இந்திய ஆவணங்களிலும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் தூதரக வேலைகளில் அலைச்சல்.

இந்தப் பெயர் உங்கள் பேரனோடு முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவர்களுக்கும் நம் இனிஷியல் போல அப்பா பெயர் கூடவே வரும். அவனுக்கு மகன் பிறந்தால் அவன் ‘துர்சின்-உலி’, மகள் பிறந்தால் ‘துர்சின்-கிஸி’. ஏழு தலைமுறை முன்னோர் பெயரைப் பிழையில்லாமல் ஒப்பிப்பது கசாக் பிள்ளைக்கு முதல் பாடம். அதற்கு ‘ஜெத்தி அத்தா’ என்று பெயர். ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள் என்பதால் அந்தப் பட்டியல் கல்யாணப் பேச்சு வரை உயிரோடு இருக்கும். நீங்கள் பார்க்காத பிள்ளைகளின் வாயிலும் இந்தப் பெயர் வரும்.

அடுத்த முறை வீடியோவில் பேசும்போது சம்பந்தியம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் கசாக்கிலேயே சொல்லிவிடுங்கள்: ‘பாவ்வி பெரிக் போல்சின்’. பிறந்த வீட்டுக்குச் சொல்கிற வாழ்த்து அது. ‘பாவ்’ என்பது கட்டு, கயிறு. இந்தப் பிள்ளையின் கட்டு உறுதியாக இருக்கட்டும் என்று பொருள். கடைசியில் வருகிற ‘சின்’, பேரன் பெயரில் இருக்கிற அதே ‘சின்’. அவர் ‘அய்த்கானிங்கிஸ் கெல்சின்’ என்று பதில் சொல்வார். நீங்கள் சொன்னது நடக்கட்டும் என்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.